இரண்டின் பெயரில் மூன்று

நாத்தனாரான எனக்கும் என் அண்ணிக்கும் ஏழாம் பொருத்தம். வீட்டில் ஒரே சமையலறை, வேலையிலும் ஒரே இடம். ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவர் டெக்னீஷியன். அங்குள்ள லினக்ஸ் கணினிகள் என் பொறுப்பு. அண்ணிக்கு எதையும் எழுதிவைக்கும் வியாதி. எந்தக் குப்பியை எப்போது திறந்தார், ஃபிரிட்ஜ் எத்தனை டிகிரி, எல்லாம் தேதி மணியோடு நீல நோட்டில் ஏறிவிடும். "தும்மினாலும் எழுதுவீங்களா அண்ணி?" என்று எல்லோர் முன்பும் கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

மூன்று வாரமாக, பரிசோதனை மெஷினிலிருந்து முடிவுகளை வாங்கும் மென்பொருள் திடீர் திடீரென்று படுத்துக்கொண்டது. அதுவும் மறுபரிசோதனை கேட்டால் மட்டும். அதைக் கேட்கும் பட்டன் அண்ணி கையில் இருந்ததால் பழியை அவர் தலையில் கட்டினேன்.

"கண்ட பட்டனை அமுக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"நான் அமுக்குறது ஒரே பட்டன். கோளாறு உன் கம்ப்யூட்டர்ல."

அன்று காலை ஒரு நோயாளியின் முடிவு இரண்டு மணி நேரம் தாமதமானது. தலைமை மருத்துவர் எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "பன்னெண்டு மணிக்குள்ள காரணம் தெரியணும். யார் தப்போ, அவங்க நாளைக்கு வர வேண்டாம்."

அண்ணி தொலையட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன்.

பதினொன்றரைக்குக் காரணத்தைப் பிடித்துவிட்டேன். அந்த மென்பொருள் ஓட, துணைக்கு ஒரு லைப்ரரி, அதாவது வேறொரு நிரல் தொகுப்பு, இரண்டாம் பதிப்பில் வேண்டும். கணினியைப் புதுப்பித்தபோது அது போய் மூன்றாம் பதிப்பு வந்திருந்தது. யாரோ இரண்டை முறையாக நிறுவாமல், இரண்டின் பெயரில் ஓர் இணைப்பைப் போட்டு மூன்றைக் காட்டியிருந்தார்கள். மென்பொருளும் ஏமாந்து ஓடியிருக்கிறது. மறுபரிசோதனைக்குத் தேவையான பகுதி மூன்றில் மாறியிருந்ததால், அங்கே போனதும் விழுந்தது.

இணைப்புப் போட்ட நேரம், பதினான்காம் தேதி மாலை நாலு பத்து. நான் விடுப்பில் இருந்த நாள்!

துள்ளிக்கொண்டு ஓடினேன். "டாக்டர், அன்னிக்கு நான் லீவு. கம்ப்யூட்டர்கிட்ட இருந்தது அண்ணி மட்டும்தான்."

அண்ணி என்னைப் பார்க்கவே இல்லை. நோட்டைப் புரட்டி வாசித்தார்.

"பதினாலு. நாலு அஞ்சு. புரோகிராம் திறக்கல. ரெண்டாம் வெர்ஷன் இல்லைன்னு வருது. நாத்தனாருக்கு போன் பண்ணேன். பாஸ்வேர்ட் சொன்னா. அவ சொல்லச் சொல்ல எழுத்தெழுத்தா டைப் பண்ணேன். மூணை ரெண்டுன்னு சொன்னா ஒத்துக்குமான்னு கேட்டேன். 'சொன்னதை மட்டும் செய்ங்க, படம் ஓடுது, நாளைக்கு வந்து பாத்துக்கறேன்'னு வெச்சுட்டா. நாலு பத்து. திறந்தது."

கீழே நான் சொன்ன கட்டளை, புள்ளி பிசகாமல். தியேட்டர் இருட்டில் எரிச்சலோடு கிசுகிசுத்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. மறுநாள் நான் எதையும் பார்க்கவில்லை. அவமானத்தில் காது சுட்டது.

"சரி பண்ணிட்டு கம்ப்யூட்டர் ரூம் சாவியை உன் அண்ணிகிட்ட குடுத்துட்டுப் போ" என்றார் மருத்துவர்.

இரண்டாம் பதிப்பை முறையாக நிறுவினேன். அண்ணி பட்டனை அமுக்கினார், முடிவு வந்தது. மணி பார்த்து அதையும் எழுதிக்கொண்டார்.

வீட்டுக்குப் போக ஒரே பஸ்தான். நோட்டைப் பைக்குள் வைத்துவிட்டு அண்ணி சொன்னார்.

"வீட்ல நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். உங்க அண்ணன்கிட்ட நீயே சொல்லு. சொல்லும்போது தேதி, மணியெல்லாம் சரியாச் சொல்லு."