வளையத்துக்கு எது தலை

அண்ணியின் ஆய்வுக்கு மரண தண்டனை எழுதியது கொழுந்தன் செய்த மென்பொருள்தான். டி.என்.ஏ. வரிசையை எழுத்தெழுத்தாகப் படித்து, எந்த மரபணு எங்கே இருக்கிறது என்று வண்ணம் தீட்டிக் காட்டும். அதைப் பற்றி அவன் பேச ஆரம்பித்தால் வீட்டில் ஆளுக்கொரு வேலை ஞாபகம் வந்துவிடும்.

அண்ணி வடிவமைத்த டி.என்.ஏ.வில், பாக்டீரியாவைப் பச்சையாக ஒளிரவைக்கும் மரபணு இருந்தாக வேண்டும். அது இல்லவே இல்லை என்றது மென்பொருள். ஆய்வகத் தலைவர் அதை நம்பி, இன்றே எல்லாவற்றையும் அழித்துவிடச் சொல்லிவிட்டார்.

ஆறுதல் சொல்லலாம் என்று அவன் ஆய்வகத்துக்குப் போனான்.

"எங்கயோ கை தவறியிருக்கும் அண்ணி. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது."

"அது சொல்லாது தம்பி. அதுக்குச் சொல்லிக்கொடுத்த ஆளு, துவைக்கப் போட்ட சட்டையில பேனாவை விட்டுட்டுப் போறவராச்சே."

கிருமிகளை நீராவியில் வேகவைத்து அழிக்கும் கலத்தில், பாக்டீரியா வளர்த்த தட்டுகளை அண்ணி அடுக்கிக்கொண்டிருந்தாள். கடைசித் தட்டில் கை நின்றது.

"காலையிலதான் முளைச்சுது. ஒரு தடவை மூஞ்சியைப் பாத்துட்டுப் போட்டுடுறேன்."

ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, தட்டை நீல விளக்கின் மேல் வைத்து, நீல ஒளியை மறைக்கும் ஆரஞ்சுக் கண்ணாடியால் மூடினாள்.

தட்டு முழுக்கப் பச்சைப் புள்ளிகள். கடுகளவு இருக்கும் ஒவ்வொன்றிலும் கோடி உயிர்கள். அவனுடைய அறிக்கையைப் படிக்காத கோடி உயிர்கள்.

அவன் மடிக்கணினியைத் திறந்தான்.

அண்ணியின் டி.என்.ஏ. ஒரு வளையம். அவன் மென்பொருள் அதை ஓரிடத்தில் வெட்டி, நீட்டி, கோடாக்கிப் படித்திருந்தது. வெட்டு விழுந்த இடம் அந்த மரபணுவின் நட்டநடு. பாதி கோட்டின் தொடக்கத்தில், பாதி முடிவில். இரண்டும் ஒட்டிக்கொண்டவை என்று மென்பொருளுக்கு அவன் சொல்லவே இல்லை.

"வளையலுக்கு ஏதுப்பா தலையும் வாலும்?" என்றாள் அண்ணி.

அவன் தலைவரை அழைத்தான். "சார், தப்பு என்னோடதுதான். கொஞ்சம் வந்து பாருங்க. லைட்டை மட்டும் போட்டுடாதீங்க."

தலைவர் வந்தார். குனிந்தார். நிமிர மறந்தார்.

"இதைத் தொடர்ந்து பண்ணும்மா" என்றார் கடைசியில், தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் பேசுகிறவர் போல.

"கலம் சூடாயிடுச்சு தம்பி" என்றாள் அண்ணி. "உன் ரிப்போர்ட்டைப் போட்டுடலாமா?"

தட்டையே பார்த்துக்கொண்டிருந்த அவன் காதில் அது விழவில்லை. டி.என்.ஏ.வில் இருப்பதோ நாலே எழுத்து. அதில் அண்ணி ஒரு செய்தி எழுதினாள். கண்ணே இல்லாத ஓர் உயிர் அதைப் படித்துவிட்டு விளக்கேற்றி வைத்திருக்கிறது.