ஓடைப்பாலத்துக் கல்

திங்கட்கிழமை காலை ஏழு அடிக்கக் கால் மணி நேரம் இருக்கையிலேயே ஒச்சாயி ஓடைப்பாலத்துக்கு வந்துவிட்டாள். சைக்கிளை விட்டு இறங்காமல், ஒரு காலைப் பாலத்துச் சுவரில் ஊன்றிக்கொண்டு, செல்வி வருகிற மண்பாதையைப் பார்த்தாள். பாதையில் ஒரு ஈ காக்கை இல்லை. ஏழு மணிக்குச் சந்திப்பதாகத்தான் பேச்சு. செல்வி சொன்னால் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பாள், முன்னேயும் வரமாட்டாள், பின்னேயும் வரமாட்டாள். அதனால்தான் ஒச்சாயி கால் மணி நேரம் முன்னால் வந்திருந்தாள். ஆனால் அதை அவள் தனக்கே இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. தூக்கம் வரவில்லை, கிளம்பி வந்துவிட்டோம், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டாள்.

ஒச்சாயிக்கும் சகாயசெல்விக்கும் வடமதுரைப் பக்கம் அடுத்தடுத்த ஊர். இருவருக்கும் ஒரே நூல் மில்லில், ஒரே பேக்கிங் பிரிவில் வேலை. நூல் கோன்களைப் பாலிதீன் பையில் போட்டு, சீட்டு ஒட்டி, பெட்டியில் அடுக்க வேண்டும். இரண்டரை வருஷமாக இருவரும் சைக்கிளில் சேர்ந்தே போய்வந்தார்கள். ஒச்சாயியின் சைக்கிள் மகள் தமிழ்நிலாவுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிள். மகள் நர்சிங் படிக்க ஹாஸ்டலுக்குப் போனதும் அது வீட்டுச் சுவரில் சாய்ந்தபடி சும்மா நின்றது. "சும்மா நிக்கிறதுக்கு நீ ஏறி மிதிடி" என்று சொன்னது செல்விதான். நாற்பது வயதில் ஒச்சாயியை ஏற்றிவிட்டு, கேரியரைப் பிடித்துக்கொண்டு, ஒரு மாசம் பின்னாலேயே மூச்சிரைக்க ஓடியதும் அவள்தான். ஒருநாள் ஒச்சாயி திரும்பிப் பார்த்தபோது செல்வி வெகுதூரத்தில் இடுப்பில் கைவைத்து நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். கேரியரை அவள் எப்போது விட்டாள் என்பதே ஒச்சாயிக்குத் தெரியாது.

பாலம் தாண்டியதும் ஒரு கிலோமீட்டர் இறக்கம். பெடலைத் தொடவே வேண்டாம். சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், காற்று முகத்தை அலம்பிவிடும். இடது பக்கம் வெங்காயக் காடு, வலது பக்கம் முருங்கை, எதிரே சிறுமலை. செல்வி இரண்டு கையையும் விட்டுவிட்டு மாதா கோயில் பாட்டை எடுத்துவிடுவாள். எதிரே ஆடு வந்தால், "ஏய் தள்ளுங்கப்பா, கலெக்டரம்மா வாராக!" என்று கத்துவாள். ஆடுகள் எந்தக் கலெக்டருக்கு ஒதுங்கின? இவர்கள்தான் ஒடித்துத் திருப்பி, விழப் பார்த்து, சிரிப்பாய்ச் சிரிப்பார்கள். இறக்கம் முடிகிற இடத்தில் வேலிக்கு வெளியே ஒரு கொய்யாக் கிளை நீட்டிக்கொண்டிருக்கும். இருந்தால் ஒரு பழம் பறித்து ஆளுக்கொரு கடி. முதல் கடி செல்விக்கு, அதுவும் பெரிய கடியாக. கட்டிக்கொண்டவன் திருப்பூருக்குப் போய் அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டதால், செல்வி பதினோரு வருஷமாக அண்ணன் வீட்டில் இருக்கிறாள். அண்ணி சோற்றுப் பானையைத் திறந்து திறந்து பார்க்கிற மாதிரி செல்வி செய்து காட்டினால் ஒச்சாயிக்கு வயிறு வலிக்கும். "இந்த அரை மணி நேரம் மட்டும் நான் யாருக்கும் நாத்துனாளும் இல்ல, பாரமும் இல்ல" என்பாள் செல்வி. அதைச் சொல்லும்போதும் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

மில்லுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. ஒச்சாயி போனை வீட்டில் புருஷனிடம் விட்டுவிட்டு வருவாள். செல்விக்குப் போனே கிடையாது. அதனால் இருவருக்கும் ஒரு ஏற்பாடு இருந்தது. கோழிமுட்டை அளவில் ஒரு வெங்கச்சாங்கல், வெள்ளை வெளேரென்று இருக்கும். முதலில் வந்தவளுக்கு அவசரம் என்றால் கல்லைப் பாலத்துச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போய்விட வேண்டும். சுவரில் கல் இருந்தால், நான் போய்விட்டேன், நீ காத்திருக்காதே என்று அர்த்தம். கல் இல்லையென்றால் நான் இன்னும் வரவில்லை, காத்திரு. பின்னால் வருகிறவள் கல்லை எடுத்து, சுவரின் அடியிலிருக்கும் பொந்துக்குள் போட்டு, ஒரு ஓட்டுச் சில்லால் மூடிவிடுவாள். மூடாவிட்டால் ஆட்டுக்காரப் பிள்ளைகள் விளையாட எடுத்துக்கொண்டு போய்விடும். இரண்டரை வருஷத்தில் அந்தக் கல் ஒரு பொய் சொன்னதில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் சூப்பர்வைசர் ஆனந்த்ராஜ் இருவரையும் கூப்பிட்டார். பெட்டி கட்டுகிற மெஷின் வந்து இறங்கியிருக்கிறது, இனி பேக்கிங்குக்கு ஒரு ஆள் போதும் என்றார். "ரெண்டு பேரும் வேலைல ஒண்ணும் சோடையில்ல. நான் யாரை நிறுத்துறது? இந்த மாசம் ரெண்டு பேருக்கும் ரெண்டு ரெண்டு லேட் விழுந்திருக்கு. மாசம் முடிய இன்னும் அஞ்சு நாள். யாருக்கு மூணாவது விழுதோ அவங்க நின்னுக்கங்க. எம்மேல பழி வேணாம்." அந்த இரண்டு லேட்டும் ஒச்சாயியால் வந்தவை. ஒருநாள் அவள் சைக்கிள் செயின் அறுந்தது, ஒருநாள் வீட்டில் சண்டை. இரண்டு நாளும் செல்வி கல்லை வைத்துவிட்டுப் போயிருக்கலாம். போகாமல் பாலத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

திரும்பி வரும்போது செல்விக்குக் கவலையே இல்லை. "ரெண்டு பேருமே நேரத்துல போய் நின்னா அந்தாளு என்ன செய்வாரு? திங்கக்கெழமையிலேருந்து வெள்ளன ஏழு மணிக்கே கெளம்புவோம். அஞ்சு நாள்தான ஒச்சா, பல்லக் கடிச்சுக்கிட்டு ஓட்டிருவோம்" என்றாள். ஒச்சாயி சரி என்று தலையாட்டினாள்.

வீட்டில் பெருமாள்சாமி விஷயத்தைக் கேட்டதும் முகம் மலர்ந்தான். மகள் படிப்பது அவனுக்கு முதலிலிருந்தே பிடிக்கவில்லை. "வேலை போனா போகட்டும். புள்ளைய நிப்பாட்டிருவோம். எங்கக்கா கேட்டுக்கிட்டேதான இருக்கு, வைகாசில முடிச்சுருவோம்" என்றான். அக்கா மகனுக்கு முப்பத்தாறு வயது. லாரி ஓட்டுகிறான், குடித்துவிட்டும் ஓட்டுகிறான். தமிழ்நிலா படித்து முடிக்க இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒச்சாயி யாரோடும் பேசாமல் மாவாட்டினாள், துணி துவைத்தாள், துவைத்த துணியையே மறுபடியும் துவைத்தாள்.

இப்போது பாலத்தில் நின்றுகொண்டு அவள் குனிந்து ஓட்டுச் சில்லைப் பார்த்தாள். செல்வி மூடியது மூடியபடியே இருந்தது. கல்லை எடுத்து மேலே வைத்துவிட்டுப் போகலாம். வைத்தால் செல்வி ஏழு மணிக்கு அதைப் பார்ப்பாள், "இவளுக்கு என்ன அவசரம்" என்று திட்டிக்கொண்டே பின்னால் வந்து சேர்ந்துவிடுவாள். வைக்காவிட்டால் காத்திருப்பாள். எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பாள். உலகத்தில் ஒச்சாயிக்கு அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்த விஷயம் வேறெதுவும் இல்லை. கோயில் மணி ஒருதரம் கேட்டது. அவள் காலைச் சுவரிலிருந்து எடுத்தாள். யாரையும் தள்ளிவிடவில்லை, யார் சோற்றிலும் மண்ணைப் போடவில்லை. ஒரு கல்லை எடுத்து வைக்கவில்லை, அவ்வளவுதானே.

இறக்கம் வந்தது. அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. அதுதான் கொடுமை. காற்று எப்போதும்போல முகத்தில் அடித்தது, முதல்நாள் தூறலில் வெங்காயக் காடு மணத்தது, மலைமேல் அப்போதுதான் வெயில் பட்டுக்கொண்டிருந்தது. அவளை அறியாமலே சைக்கிள் வேகமெடுத்தது. செல்வி இருந்தால் பேச்சிலும் கூத்திலும் பாதி கவனிக்காமல் போய்விடும். அன்றைக்கு இறக்கம் முழுவதும் அவளுக்கு மட்டும் கிடைத்தது. கொய்யாக் கிளையில் ஒரு பழம் இருந்தது. நிறுத்தி, பறித்து, முதல் கடியையும் அவளே கடித்தாள். இனிப்பாகத்தான் இருந்தது.

ஏழரைக்கு முதல் சங்கு ஊதும்போதே வருகை மெஷினில் விரல் வைத்துவிட்டாள். எட்டு மணிச் சங்கு ஊதியது. எட்டேகாலுக்கு மேல் மில் கேட்டைத் திறக்க மாட்டார்கள், அதுவும் லேட் கணக்கில்தான் விழும். வாட்ச்மேன் முத்துச்சாமி கேட்டை இழுத்துப் பூட்டுகிற சத்தம் பேக்கிங் பிரிவு வரைக்கும் கேட்டது. ஆனந்த்ராஜ் வந்து காலியாக இருந்த மேசையைப் பார்த்தார். "சேந்துதான வருவீங்க? எங்க அந்தம்மா?" என்று கேட்டார். "தெரியல சார். நான் பாக்கல" என்றாள் ஒச்சாயி. கை தன்பாட்டுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு சீட்டுகூடக் கோணவில்லை.

சாயங்காலம் வெளியே வந்தால், கேட்டுக்கு எதிரே வேப்பமர நிழலில் செல்வி உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அங்கேயேதான் இருந்திருக்கிறாள். மதியம் முத்துச்சாமி தன் தூக்குச்சட்டியிலிருந்து கொஞ்சம் சோறு கொடுத்தாராம், வேண்டாம் என்றுவிட்டாளாம். ஒச்சாயியைப் பார்த்ததும் எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"கல்லு இல்ல ஒச்சா. ஏழரை வரைக்கும் நின்னேன். எங்கனயும் விழுந்து கெடக்கியோன்னு பயம் வந்துருச்சு. ஒங்க ஊருக்கே போயிட்டேன். ஒரு வாய்க்கால் விடாமப் பாத்துக்கிட்டே போனேன். ஒம் புருசன்தான் சொன்னாரு, நீ ஆறரைக்கே கெளம்பிட்டன்னு."

ஒச்சாயிக்குப் பொய் தடங்கல் இல்லாமல் வந்தது. "வச்சுட்டுத்தான் போனேன்டி. ஆடு கீடு தட்டிவிட்டிருக்கும்."

செல்வி அவள் முகத்தைச் செத்த நேரம் பார்த்தாள். "இருக்கும்" என்றாள்.

இருவரும் சேர்ந்தே திரும்பினார்கள். சாயங்காலத்தில் இறக்கம் ஏற்றமாகிவிடும், சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் ஏற வேண்டும். வழக்கமாக அந்த ஏற்றத்தில்தான் அண்ணி கூத்து நடக்கும். அன்றைக்குச் சக்கரம் கல்லில் ஏறி இறங்குகிற சத்தம் மட்டும்தான். பாலம் வந்ததும் செல்வி சைக்கிளை நிறுத்தினாள். குனிந்து ஓட்டுச் சில்லைத் தூக்கினாள். கல் பொந்துக்குள் அவள் போட்டபடியே கிடந்தது. ஆடு தட்டிவிட்ட கல் பொந்துக்குள் போய்ச் சில்லை இழுத்து மூடிக்கொண்டு படுத்துக்கொள்ளாது. ஒச்சாயி மகளைப் பற்றிச் சொல்ல நினைத்தாள். செல்வி சில்லை மறுபடியும் அதே இடத்தில், விளிம்பு பொருந்துகிற மாதிரி மெதுவாக வைத்தாள்.

"நாளைக்கும் நேரத்துல போ" என்று சொல்லிவிட்டு மண்பாதையில் ஏறிப் போய்விட்டாள்.

மறுநாள் காலை ஒச்சாயி வந்தபோது பாலத்துச் சுவர்மேல் கல் இருந்தது. நாலு பக்கமும் பார்த்தாள், யாரும் இல்லை. ஒருவேளை வேறு வேலை கிடைத்து முன்னால் போயிருக்கிறாளோ என்று ஒரு நப்பாசை வந்தது. இறக்கம் முழுக்கக் கண்ணை எட்ட விட்டுப் பார்த்தபடி போனாள். செல்வியைக் காணோம். சாயங்காலம் திரும்பும்போது கல்லை எடுத்துப் பொந்துக்குள் போட்டு மூடினாள். அடுத்த நாள் காலை கல் மறுபடியும் சுவர்மேல் இருந்தது. ஆறரைக்கு வந்து பார்த்தாள். ஆறு மணிக்கு வந்து பார்த்தாள். எப்போது வந்தாலும் கல் அவளுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. நீ காத்திருக்காதே, போ.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்நிலா போனில் பேசினாள். பரீட்சையில் நல்ல மார்க்காம். "செல்வி அத்தை எப்படிம்மா இருக்கு? இன்னும் கைய விட்டுத்தான் சைக்கிள் ஓட்டுதா?" என்று கேட்டாள். "ம், ஓட்டுது" என்றாள் ஒச்சாயி.

மூன்றாவது வாரம் ஒருநாள் கேட்டில் முத்துச்சாமி அவளை நிறுத்தினார். அவரும் செல்வியின் ஊர்தான். "ஒங்கூட வருமே சகாயசெல்வி, அது சைக்கிள அண்ணன் மகன் எடுத்துக்கிட்டான். அண்ணிக்காரி செல்வியக் காட்டு வேலைக்கு அனுப்பிருச்சு. மேலு நோக வேலை பாத்துட்டு வந்து, பொழுது சாயயில ஓடைப்பாலம் வரைக்கும் தனியா நடந்து போகுது. போக ரெண்டு மைலு, வர ரெண்டு மைலு. எதுக்கும்மான்னு கேட்டா, சும்மா காத்தாடங்குது. கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னு ஊருக்குள்ள பேசிக்கிறாங்க. நீயாவது செத்தப் போய்ப் பாத்துட்டு வரலாம்ல?"

ஒச்சாயி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். வேலை தலைக்குமேல் கிடந்தது. மெஷின் பாதியைத்தான் செய்கிறது, மீதி முழுக்க அவள் ஒருத்தி தலையில்.

அன்றைக்கு ராத்திரி மழை பெய்தது. காலையில் பாலம் ஈரத்தில் கறுத்துக் கிடந்தது, கல் சுவர்மேல் இருந்தது. ஒச்சாயி சைக்கிளை விட்டு இறங்கி, முதல்முறையாக அதைக் காலையிலேயே கையில் எடுத்தாள். நனைந்த சுவரில், கல் இருந்த இடத்தில் மட்டும், ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ஈரம் படாமல் வெளுத்திருந்தது. அதில் விரலை வைத்தாள். கீழே இறக்கத்தில் காற்று கிளம்பிவிட்டிருந்தது, ஆடுகள் ரோட்டில் ஏறிக்கொண்டிருந்தன. வானம் இருட்டிக்கொண்டு மறுபடியும் தூற ஆரம்பித்தது. ஒவ்வொரு துளியாக விழுந்து அந்த உலர்ந்த இடம் சுருங்குவதை அவள் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள். தூரத்தில் மில்லின் முதல் சங்கு ஊதியது.