பேச ஆள் இல்லாத திட்டம்

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. எதற்காகப் பணம் திரட்டுகிறோமோ, அந்தக் குறையை அனுபவித்த ஒருவர் ஞாயிறு ஆராதனையில் எழுந்து தன் வாயால் சொல்ல வேண்டும். பேச ஆள் இல்லாத திட்டத்துக்கு நாங்கள் கையேந்துவதில்லை. கமிட்டித் தலைவராக அந்த விதியைக் கொண்டுவந்தவன் நான்தான்.

இந்த முறை இரண்டு திட்டங்கள். ஒழுகும் ஆலயத்தை இடித்துப் புதுக் கட்டடம். அதன் பின்புறம் குடியை விட நினைப்பவர்களுக்கு ஓர் இல்லம். கட்டடத்துக்குப் பேச ஆளுக்குப் பஞ்சமில்லை. பாடகர் குழுவில் பாதிப் பேர் தலையில் மழை வாங்கியவர்கள். இல்லத்துக்கு யார் பேசுவது என்று கமிட்டிக் கூட்டத்தில் போதகர் கேட்டபோது எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள்.

"நம்ம சபையில குடிக்கிற வீடே இல்லையா? அப்போ நான் தப்பான இடத்துக்குப் பிரசங்கம் பண்ண வந்துட்டேன் போல" என்றார் போதகர்.

கட்டட வேலையை எடுக்கவிருந்த கான்ட்ராக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ரூம் கட்டிடலாம் ஐயா. நாளைக்கே பாட்டில் வைக்க அலமாரி பத்தலைன்னு என் சட்டையப் பிடிப்பானுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கமிட்டியின் செயலாளர் என் மருமகள். எழுதிக்கொண்டிருந்தவள் பேனாவை வைத்தாள். "மாமா, நீங்களுமா?"

சிரிப்பு அடங்கியது. அவள் கணவன், என் மகன், மாரடைப்பில் போனான் என்றுதான் மற்றவர்களுக்குத் தெரியும். அடக்கத்தன்று நான் அப்படித்தான் சொன்னேன். உண்மையில் கல்லீரல் கெட்டு, வயிறு வீங்கி, ரத்தம் கக்கிச் செத்தான். வெளியூர் மருத்துவமனையில் வேறு பெயரில் சேர்த்திருந்தோம்.

"இல்லத்துக்கு நான் பேசுறேன்" என்றாள்.

"உனக்கு அதப் பத்தி என்னம்மா தெரியும்?" என்றார் கான்ட்ராக்டர். அவள் என்னையே பார்த்தாள்.

நான் எழுந்து அவளை வெளியே வராந்தாவுக்கு அழைத்துப் போனேன். "வேணாம்மா. குடும்ப மானம் போயிடும்."

"சரி மாமா. பேச ஆள் இல்லைன்னு எழுதி, அந்தத் திட்டத்த அடிச்சிடறேன்." அவள் குரலில் கோபம் இல்லை. "எங்கயாவது கொண்டுபோய் விடுங்க, நான் திருந்திடறேன்னு கெஞ்சினாரே. விடுறதுக்கு ஒரு இடம் இருந்துச்சா?"

இருந்திருந்தாலும் யார் கண்ணிலாவது படும் என்று நான் விட்டிருக்க மாட்டேன். அது அவளுக்கும் தெரியும். ஆனால் நம்பி வந்த வீட்டின் அசிங்கத்தை ஒரு பெண் சபை நடுவில் நின்று சொல்வதா? சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால் பெற்றவன் சொல்லட்டும்.

உள்ளே திரும்பி வந்தேன். "இல்லத்துக்குப் பேசறது நான். எழுதிக்கோம்மா."

வீட்டில் என் மனைவியிடம் சொன்னேன். "செத்தவன இன்னொரு தடவ கொல்லப் போறீங்க. நான் எந்த முகத்த வெச்சுக்கிட்டு வெளிய போவேன்?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்றேன். "என் மகன் மாரடைப்புல போகல. குடிச்சுச் செத்தான். திருந்த ஒரு இடம் கேட்டான். எங்க மானத்துக்குப் பயந்து பூட்டி வெச்சோம். அவன் கேட்ட இடத்தத்தான் இப்போ உங்ககிட்ட கேக்கறேன்."

கடைசி வரிசையில் ஒரு பெண் வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். அவள் கணவர் கையைப் பிடித்து அவளை வெளியே இழுத்துப் போனார். அவர்களுக்குப் பின்னால் என் மனைவியும் எழுந்து போனாள்.

ஆராதனை முடிந்ததும் கான்ட்ராக்டர் படியருகே வந்தார். "ஐயா, அன்னிக்கு ஏதோ வாய் தவறிடுச்சு. அந்த இல்லத்த தெருவுல இருந்து தெரியாத மாதிரி, தனி வாசல் வெச்சுக் கட்டிடலாம். யாருக்கும் சங்கடம் இல்ல."

"தெருவப் பார்த்தே வாசல் வை" என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினேன். "அத்தை, கதவத் திறங்க" என்று மருமகள் ஜன்னல் வழியாகக் கூப்பிட்டாள். உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது, யாரும் வரவில்லை.

இருவரும் வாசலில் நின்றோம். ஆராதனை முடிந்து போகிறவர்கள் ஒவ்வொரு குடும்பமாக எங்களைக் கடந்து போனார்கள். ஒருவர்கூட நின்று என்னவென்று கேட்கவில்லை. நான் தலை குனியவில்லை. மறுபடியும் கதவைத் தட்டினேன்.