ஒன்பது பொருத்தம்

மயிலாத்தாளுக்கு மகன் பூபாலனின் ஜாதகத்தைப் பார்க்கக் கம்ப்யூட்டர்தான் தோதாக இருந்தது. காரணம் வேறொன்றுமில்லை. பூபாலன் செத்துப்போன விஷயம் கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

ஜோசியருக்குத் தெரியும். காங்கேயத்தில் யாருக்குத்தான் தெரியாது? பையனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. பொங்கலுக்கு பஸ் கிடைக்கவில்லை என்று பைக்கிலேயே கிளம்பி வந்தவனைப் பெருந்துறை தாண்டி ஒரு லாரி அடித்துப் போட்டுவிட்டது. காரியமெல்லாம் முடிந்து, வந்த சொந்தமும் கலைந்த பிறகு, மயிலாத்தாள் ஜாதகத்தை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு சுப்பண்ண ஜோசியர் வீட்டுக்குப் போனாள். பிள்ளை பிறந்தபோது அதை எழுதியவர் அவர்தான். தீர்க்காயுசு என்று சொன்ன வாயும் அந்த வாய்தான். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரத்தான் போனாள். ஆனால் போய் உட்கார்ந்ததும் அவள் வாயில் வந்தது, இந்தக் குருப்பெயர்ச்சி அவனுக்கு எப்படி என்கிற கேள்விதான்.

ஜோசியர் பையை வாங்கக்கூட இல்லை. "அதைப் பிரிக்கக் கூடாது அம்மிணி. ஆளு போனா ஜாதகமும் போச்சு. ஆத்துல விட்டுப்போட்டு ஆக வேண்டியதைப் பாரு" என்றார். வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டுக் காபி கொடுக்கச் சொன்னார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தங்கமான மனுஷன், குறையே சொல்ல முடியாது. தங்கமான மனுஷனை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

புருஷன் சென்னியப்பன் ஒரு அமாவாசையன்று ஜாதகத்தைக் கொண்டுபோய் ஆற்றில் விட்டுவிட்டார். அதோடு மகனின் பேரையும் விட்டுவிட்டார். அந்த வீட்டில் பூபாலன் என்று ஒருத்தன் பிறந்து வளர்ந்து, சோறு பத்தவில்லை என்று சண்டை போட்டதற்கு ஒரு அடையாளம் இல்லாமல் போனது. படத்தைக்கூட மாட்டவிடவில்லை அந்த மனுஷன். மனசு தாங்காதாம். இவள் மனசு மட்டும் இரும்பிலா செய்திருக்கிறது?

தாராபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மோகன்ராஜ் கடை. ஜெராக்ஸ், லேமினேஷன், கம்ப்யூட்டர் ஜாதகம். உறவுக்காரக் கல்யாணம் ஒன்றுக்குப் போனவள் போர்டைப் பார்த்துவிட்டுச் சும்மா நுழைந்தாள். பேரு, பிறந்த தேதி, நேரம், ஊரு. அவ்வளவுதான் கேட்டான். ஆள் உயிரோடு இருக்கிறானா என்று எந்தக் கட்டத்திலும் கேட்கவில்லை. மெஷின் கொஞ்ச நேரம் முனகிவிட்டுத் துப்பிய தாள்களில் பூபாலனுக்கு அந்த வருஷம் வேலையில் உயர்வு. மேலதிகாரிகளிடம் வாக்குவாதம் கூடாது. எண்ணெய்ப் பலகாரங்களைக் குறைத்துக்கொள்வது நலம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதை எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்கையில் காங்கேயம் வந்துவிட்டது. அந்த வருஷம் முழுக்க மயிலாத்தாள் ஒரு போண்டாவைத் தொடவில்லை. அவனுக்காக அவள் குறைத்துக்கொண்டாள்.

அதிலிருந்து வருஷம் தவறாமல் போனாள். பையன் என்ன செய்கிறார் என்று மோகன்ராஜ் கேட்டதற்கு ஓசூரில் வேலை என்றாள். அதில் பொய் எங்கே இருக்கிறது? ஒரு வருஷம் வண்டி வாங்கினான். ஒரு வருஷம் கடல் கடந்து போகும் வாய்ப்பு வந்தது. போகவேண்டாம் சாமி என்று இவள் வேண்டிக்கொண்டாள். இந்த வருஷம் திருமண யோகம் கூடி வந்தது.

வினை அங்கேதான் பிடித்தது. மோகன்ராஜ் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் கல்யாணம் முடித்துவைப்பதில் ஆசையில்லாத ஆள் இந்தச் சீமையில் உண்டா? மூலனூர்ப் பக்கம் ஒரு பெண். அவள் ஜாதகத்தில் செவ்வாய் எட்டில் உட்கார்ந்துகொண்டு வருகிற வரனையெல்லாம் விரட்டியடித்தது. தப்பித்தவறி வந்தாலும் ரஜ்ஜுப் பொருத்தம் தட்டியது. அந்தப் பெண்ணின் ஜாதகத்தையும் பூபாலனுடையதையும் மெஷினில் ஒன்றாகப் போட்டுப் பார்த்திருக்கிறான். பத்துக்கு ஒன்பது பொருத்தம். உடனே மயிலாத்தாளின் நம்பரைப் பெண்ணின் அம்மா கையில் கொடுத்துவிட்டான்.

அந்த அம்மா துளசிமணி போன் செய்து, ஏனுங்க, பூபாலன் அம்மாங்களா என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு ஆமாங்க என்பதைத் தவிர வேறென்ன பதில் இருக்கிறது? சொன்னாள். அதற்குப் பிறகு இல்லைங்க என்று சொல்ல வேண்டிய இடம் எத்தனையோ வந்தது. எல்லாவற்றையும் தாண்டிப் போனாள். மூன்று வாரம் பேச்சு ஓடியது. பெண் இந்துமதி கூட்டுறவு சொசைட்டியில் கணக்கு எழுதுகிறாள், கத்தரிக்காய் ஆகாது, வாய் கொஞ்சம் நீளம். "கத்தரிக்காய் அவனுக்கும் ஆகாதுங்க" என்று மயிலாத்தாள் சொன்னபோது இரண்டு பொம்பளைகளும் சிரித்தார்கள். ஒருநாள் மயிலாத்தாள் தனியாக ஜவுளிக்கடைக்குப் போய்க் கல்யாணக் கூரைப்பட்டு இரண்டு பிரிக்கச் சொல்லி, தடவிப் பார்த்துவிட்டு, அப்புறம் வருகிறோம் என்று எழுந்து வந்தாள். பைத்தியம்தான். பெற்றவளுக்கு அந்தப் பைத்தியம்கூட இல்லையென்றால் எப்படி?

மோகன்ராஜ் கடையில் சந்திப்பதாகப் பேச்சு. அம்மாவும் மகளும் வந்திருந்தார்கள். பொருத்தத் தாளை வாங்கிக்கொண்டு எதிரிலிருந்த பேக்கரியில் உட்கார்ந்தார்கள். இந்துமதி நெடுநெடுவென்று, கண்ணாடி போட்டுக்கொண்டு, யாரையும் நேராகப் பார்க்கிற பெண். இவள் நம் வீட்டு நடையில் செருப்பை எப்படிக் கழற்றுவாள் என்பதுவரை மயிலாத்தாளுக்குக் கண்ணில் தெரிந்தது.

டீ வந்தது. துளசிமணி தாளை மடித்துப் பையில் வைத்தபடி, மெஷின் சொன்னது சந்தோஷம்தான், ஆனாலும் அதுக்கு என்ன தெரியும், நாம் போட்டதைத் திருப்பிச் சொல்லும், முகத்தைப் பார்த்து நல்லது கெட்டது சொல்ல ஒரு மனுஷன் வேண்டாமா என்றாள். உங்க காங்கேயத்தில் சுப்பண்ண ஜோசியர் கெட்டிக்காரராமே, இப்படியே பஸ் ஏறி அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றாள்.

மயிலாத்தாள் டம்ளரைக் கீழே வைத்தாள். ஜோசியர் வாயால் இந்தப் பெண் அதைக் கேட்கக் கூடாது. சொன்னால் அவன் போய்விடுவான், இந்தத் தடவை முழுசாகப் போய்விடுவான். சொல்லாவிட்டால் இந்தப் பிள்ளையின் தலையில் மண்ணள்ளிப் போட்டதாகும்.

"அவரு பாக்க மாட்டாருங்க" என்றாள். "ஆளில்லாத ஜாதகத்தை அவரு தொடமாட்டாரு. என்ற பையன் இல்லைங்க. செத்து நாலு வருஷம் ஆச்சு."

பேக்கரியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. துளசிமணிக்கு விஷயம் ஏறவே கொஞ்ச நேரம் பிடித்தது. ஏறியதும் முகம் சிவந்துவிட்டது.

"உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்குதுங்களா? முப்பத்தொரு வயசுப் புள்ளைய வெச்சுக்கிட்டுத் தெருத்தெருவா அலையறேன். வேற வரன்கூடப் பாக்காம உங்களை நம்பி உக்காந்திருந்தேனே."

"வேணும்னு செய்யலைங்க. நீங்க போன்ல பேசறப்ப எல்லாம் அவன் எனக்கு உசுரோட இருந்தான். அதைக் கெடுத்துக்க மனசு வரலை. என்னை என்ன வேணா சொல்லுங்க, வாங்கிக்கறேன்."

துளசிமணி விருட்டென்று எழுந்தாள். கைகழுவுகிற இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். மகளும் கிளம்பிவிடுவாள் என்று மயிலாத்தாள் தலையைக் குனிந்துகொண்டாள். இந்துமதி கிளம்பவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள்.

"எனக்கு இதுவரைக்கும் அஞ்சுக்கு மேல வந்ததே இல்லீங்க அத்தை. ஒம்பது வந்துருக்குதுன்னதும் ராத்திரியெல்லாம் அவரைத்தான் நினைச்சுட்டிருந்தேன். ஆளு எப்படீன்னு சொல்லுங்க, தெரிஞ்சுக்கறேன்."

அத்தை என்ற வார்த்தை மயிலாத்தாளை அப்படியே உலுக்கிவிட்டது. மடமடவென்று ஆரம்பித்தாள். வேலையில் உயர்வு வந்தது, வண்டி வாங்குகிற யோகம், வெளிநாடு போகிற வாய்ப்பு என்று அடுக்கினாள். இந்துமதி அவள் கையின்மேல் கை வைத்தாள்.

"அதெல்லாம் மெஷின் சொன்னதுங்க. நீங்க சொல்லுங்க."

மயிலாத்தாள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. வருஷா வருஷம் அவனுக்கு என்ன நடக்கப்போகிறது என்றே படித்துப் படித்து, நடந்ததை எங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பயந்துபோனாள். பெற்ற வயிறு மறக்குமா? அப்புறம் மெதுவாக ஒன்று வந்தது. இட்லியைப் பிய்த்துச் சாப்பிடமாட்டான், முழுசாக மடித்து வாயில் திணித்துக்கொண்டு பேசுவான், ஒரு எழவும் புரியாது. அதன் பின்னாலேயே இன்னொன்று வந்தது. சைக்கிள் பழகும்போது அப்பாவை முள்வேலியில் தள்ளிவிட்டு, அவர் எழுந்து வருவதற்குள் மாமன் வீட்டுக்கு ஓடிப்போய் ஒருவாரம் திரும்பவில்லை. இந்துமதி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். மயிலாத்தாளும் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டே. ஓசூரிலிருந்து தினமும் போன் செய்வான், ஒன்றுமே பேசமாட்டான், என்ன பண்ற, என்ன பண்ற என்று அதையே கேட்பான் என்றாள்.

துளசிமணி எப்போது திரும்பி வந்தாள் என்று தெரியவில்லை. ஈர முகத்தோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஆறிப்போன டம்ளர்களை ஒதுக்கிவிட்டு மூன்று டீ புதுசாகப் போடச் சொன்னாள்.

"மாமன் வீட்டுல இருந்து அப்புறம் எப்படீங்க வந்தான்?" என்று கேட்டாள்.