காற்றுக் குழாயில் ஒரு துளை

1.
இந்தக் கதை மின்கட்டணக் கூட்டத்தில் பிறந்தது. ஜிஞ்சா நூற்பாலையில் மின்சாரச் செலவைக் குறைப்பது என் பொறுப்பு. குறையாவிட்டால் மூன்றாவது ஷிப்டை மூடிவிடுவோம் என்றார்கள். கூட்டம் நீண்டது. தூங்கிவிடாமலிருக்க முதல் வரியை எழுதினேன்:

"நைல் புறப்படும் ஊரில் காற்றுக்கு விலை உண்டு."

(அடித்துவிட்டேன். நதியைப் போட்டால் கதை தானே உயர்ந்துவிடும் என்கிற நப்பாசை.)

2.
நேராகவே சொல்கிறேன். ஆலையின் அழுத்தக் காற்று சும்மா வருவதில்லை. கம்ப்ரசர் மின்சாரத்தைக் குடித்துத்தான் அதைத் தருகிறது. ஷிப்ட் முடிந்ததும் பெண்கள் வரிசையில் நின்று, காற்றுக் குழாயை ஒருத்திக்கு ஒருத்தி பிடித்து, தலையிலும் உடையிலும் ஒட்டிய பஞ்சை ஊதிவிடுவார்கள். அன்றைய சிரிப்பெல்லாம் அங்கேதான். அந்தக் குழாயைப் பூட்டிவிட்டு பிரஷ்களை மாட்டினேன்.

மூன்றாவது ஷிப்டில் நூற்கும் நங்கோபி மறுநாளே வந்துவிட்டாள்.

"பிரஷ் போட்டா பஞ்சு இன்னும் உள்ளதான் போகுது ஐயா."

"கொஞ்ச நாள்ல பழகிரும்மா."

"உங்க தலையில முடியே இல்ல, உங்களுக்கென்ன. டாக்சிக்காரன் 'பாட்டி, பாத்து ஏறுங்க'ன்றான். எனக்கு இருபத்தாறு வயசு."

"உன் ஷிப்டைக் காப்பாத்தத்தான் பூட்டினேன்."

"காப்பாத்துங்க. நரைச்ச தலையோட வீட்டுக்குப் போறது நான்தானே."

3.
இங்கே எனக்கு ஒரு சந்தேகம். நங்கோபி கொஞ்சம் அதிகமாகவே நன்றாகப் பேசுகிறாள். அவளைச் சற்று மந்தமாக்கி எழுதிப்

[பார்த்தேன். பிடிக்கவில்லை. எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது, அதுதான் சிக்கல்.]

4.
முதலில் மின்சாரம் குறைந்தது. பிறகு ஏறியது, முன்பைவிட அதிகமாக. குழாய்களில் சோப்புத் தண்ணீர் தடவிக்கொண்டே போனேன்.* கடைசி இயந்திரத்துக்குப் பின்னால் ஒரு கந்தல் துணி. அவிழ்த்தால், ஆணியால் குத்திய துளை. நங்கோபி பின்னால் நின்றிருந்தாள்.

"வேலை முடிஞ்சதும் அவுப்போம், ஊதிட்டுக் கட்டிருவோம். துணி கட்டினா அடைஞ்சிரும்னு நெனச்சேன்."

"நாள் முழுக்க ஒழுகுதும்மா. பழைய குழாயைவிட இதுதான் அதிகம் தின்னுது."

"அப்ப எங்க ஷிப்டை நானேதான் மூடுறேனா?"

அதற்குள் ஃபோர்மேன் இசாபிர்யேவின் குரல் கேட்டது. அவள் இயந்திரத்துக்குத் திரும்பிவிட்டாள்.

"யார் வேலை இது? பேரைச் சொல்லுங்க. இன்னைக்கே வெளிய அனுப்புறேன்."

* குமிழ் வந்தால் கசிவு. இதற்கா படித்தாய் என்று என் மனைவி கேட்பதுண்டு.

5.
முடிவுகள்.

ஒன்று: குழாய் பழசு, தானே ஓட்டையானது என்கிறேன். (நம்பமாட்டார். ஆணித் துளை அத்தனை வட்டம்.)

இரண்டு: பெயரைச் சொல்கிறேன். ஷிப்ட் பிழைக்கிறது, அவள் இல்லாமல்.

மூன்று: துளையை அடைத்துவிட்டு, வேலை முடியும் நேரத்தில் மட்டும் குறைந்த அழுத்தத்தில் காற்று விடலாம் என்கிறேன். இதுதான் நல்ல யோசனை. இசாபிர்யேவும் தலையாட்டுகிறார். ஆட்டிவிட்டு, "சரி, பேர்?" என்கிறார்.

எப்படி எழுதினாலும் மனிதர் நகரமாட்டேன் என்கிறார். "துளையைப் போட்டது" என்று ஆரம்பித்து

அங்கேயே நிறுத்திவிட்டேன். நான் சொல்லப்போவதில்லை. ஆனால் இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள். பெயர் இப்போது உங்களுக்கும் தெரியும். என்னை விட்டுவிட்டு அவர் உங்கள் பக்கம் திரும்புகிறார்.