உள்சுவரில் மீன்கண்கள்

நவம்பர் மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, நான்காவது முறையாக என் பழைய பெஜோ காரின் எஞ்சின் அறைக்குப் பெயின்ட் அடித்தேன். நான்காவது முறையும் மீன்கண் விழுந்தது.

மீன்கண் என்பது இதுதான். பெயின்ட் ஈரமாகப் படியும்போது ஒழுங்காகத்தான் இருக்கும். ஒரு நிமிடம் கழித்து ஆங்காங்கே தானாக விலகி, சின்னச் சின்ன வட்டக் குழிகளாகத் திறந்துகொள்ளும். நடுவில் அடிப்பூச்சு தெரியும். தகரத்தில் எங்கோ எண்ணெய்ப் பசை இருந்தால்தான் அப்படி ஆகும். எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

நான் வேலையை ஒழுங்கில்லாமல் செய்பவன் அல்ல. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், சோப்பு நீரில் கழுவினேன், இரண்டு தடவை தின்னர் துணியால் துடைத்தேன். கம்ப்ரஸரில் தேங்கிய தண்ணீரை வடித்தேன். மூன்றாவது தடவை ஸ்ப்ரே கன்னையே கழற்றி ஒவ்வொரு பாகமாக அலசினேன். குழிகள் அதே இடத்தில் வந்தன: சக்கரத்துக்கு மேலே உள்ள இடது உள்சுவரிலும், ஓட்டுநர் காலுக்கு முன்னால் இருக்கும் குறுக்குத் தகட்டிலும்.

என் மனைவி எலிதா இறந்த பிறகு பதினெட்டு மாதம் கார் கொட்டகையிலேயே நின்றது. பாட்டரி அமிலம் கசிந்து அடியில் இருந்த பெயின்டைத் தின்றுவிட்டது. ஜூலையில் நான் வேலை செய்யும் கம்பளிக் கிடங்கிலிருந்து இரண்டு பேர் வந்து எஞ்சினை இறக்கிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அது சமையலறை ஜன்னலுக்கு வெளியே, மரக்கட்டைகள் மேல், பழைய போர்வைக்குள் இருந்தது. மாலையில் தட்டை எடுத்துக்கொண்டு அந்த ஜன்னலோரம் உட்கார்ந்துதான் சாப்பிடுவேன். எதிரே வேறு யாரும் இல்லை.

ஊரில் மீன்கண்ணுக்குக் காரணம் சொல்லக்கூடியவன் ஒருவன்தான். பெயின்டர் வால்டெமார். மூன்று தெரு தள்ளி இருந்தான். மூன்று வருடமாக நாங்கள் பேசவில்லை.

தவறு என்னுடையது. இந்தக் காரின் வெளிப்பக்கம் முழுவதையும் அவன்தான் அடித்தான், ஒரு மாதம், தன் வேலை முடிந்த பிறகு, மாலை மாலையாக. முடித்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் இறைச்சி சுட்டோம். எட்டுப் பேர் இருந்தார்கள். நான் மண்டியிட்டுக் கார்க் கதவின் அடிவிளிம்பில் விரலை ஓட்டினேன். கம்பளி தரம் பிரிப்பவன் என்பதால் குறை எங்கே என்று என் விரல் தானாகத் தேடும். "இங்க பெயின்ட் வழிஞ்சிருக்கு வால்டெமார். கம்பளியா இருந்தா இதை ரெண்டாந்தரத்துல போட்டிருப்பேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. "அடுத்த தடவை நீயே அடிச்சுக்கோ" என்றான். எலிதாவின் சாவுக்கு வந்தான், கையை அழுத்தினான், போய்விட்டான்.

ஆகவே நானே அடித்துக்கொண்டிருந்தேன். அவனைக் கேட்காமல் முடித்துவிட வேண்டும் என்பது என் பிடிவாதம். நான்காவது தடவைக்குப் பிறகு அந்தப் பிடிவாதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. திங்கட்கிழமை வேலை முடிந்ததும் அவன் வீட்டுக்கு நடந்தேன்.

வாசலில் அவன் மனைவி ஸூல்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன ஹெபர், மூணு வருஷமா எதிர்ப்பக்கமாவே நடந்தீங்க. இன்னைக்கு அந்தப் பக்கம் வெயிலா?"

"வால்டெமார் இருக்கானா?"

"பின்னாடி இருக்கார். சத்தமா கூப்பிடுங்க, காது முன்ன மாதிரி இல்ல. நான் பேசறது மட்டும் கேக்காம இருந்துச்சு, இப்போ யார் பேசினாலும் அப்படித்தான்."

அவன் ஒரு லாரிக் கதவுக்குப் பட்டி பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்த்தான், பட்டித் தகட்டைக் கீழே வைக்கவில்லை.

"யாரு செத்தது?"

"யாரும் சாகல. மீன்கண் விழுது."

"எத்தனை தடவை?"

"நாலு."

"நாலு தடவை அடிச்சுட்டு வந்து நிக்கற. ரெண்டாவதுலயே வந்திருக்கலாம்."

"வந்திருக்கலாம்."

அவன் மறுபடியும் பட்டியை இழுக்கத் தொடங்கினான். நான் போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து, கதவைப் பார்த்தபடியே, "நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு வரேன். ஒண்ணும் துடைச்சு வைக்காத. அப்படியே இருக்கட்டும்" என்றான்.

செவ்வாய்க்கிழமை சரியாக ஆறு மணிக்கு வந்தான். மாத்தே என்னும் கசப்புத் தேநீருக்கான சுரைக்குடுவையும் வெந்நீர்க் குடுவையும் தயாராக வைத்திருந்தேன். அவன் வாங்கவில்லை, இப்போதுதான் குடித்தேன் என்றான். விளக்கைக் கையில் வாங்கிக்கொண்டு எஞ்சின் அறைக்குள் குனிந்தான்.

"தேய்ச்ச விதம் நல்லா இருக்கு" என்றான் முதலில். பிறகு, "டேஷ்போர்டு பளபளப்புக்கு எண்ணெய் ஸ்ப்ரே ஏதாவது அடிக்கறியா?"

"இந்த வீட்டுல அப்படி ஒண்ணும் கிடையாது."

"சரி, செஞ்சு காட்டு. பெயின்ட் இல்லாம. முதல்லேருந்து."

செய்து காட்டினேன். தின்னர் துணி, காய்ந்த துணி, காற்று. கடைசியாக, தூசி எதுவும் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க, உள்ளங்கையைச் சுவர் முழுவதும் மெதுவாக ஓட்டினேன்.

"நிறுத்து."

என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உள்ளங்கையை முகர்ந்தான்.

"ஆடு."

"வந்ததும் சோப்பு போட்டுத்தான் கழுவினேன்."

"முப்பத்தோரு வருஷக் கிடங்கு வேலையை ஒரு சோப்புலயா?" விளக்கைச் சுவருக்குப் பக்கவாட்டில் பிடித்தான். "பாரு. குழியெல்லாம் வரிசையா போகுது. நாலு விரல் அகலம். ஒவ்வொரு தடவையும் நல்லா சுத்தம் பண்ணிட்டு, கடைசியா கம்பளிக் கொழுப்பைத் தடவி விட்டிருக்க. இந்த ஊர்ல உங்க கிடங்குக்காரங்களைத் தவிர எவனும் இந்தத் தப்பைப் பண்ண முடியாது."

உண்மைதான். ஆட்டு ரோமம் வெட்டும் காலத்தில் ஒரு நாளைக்கு இருநூறு ஆட்டின் கம்பளி என் கையில் புரளும். அதிலிருந்து கையில் ஊறும் கொழுப்பு எங்களுக்கு அழுக்காகத் தோன்றாது. குளிர்காலத்தில் எலிதா வெடித்த விரல்களை என் உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு, வீட்டிலேயே கிரீம் டப்பா இருக்கும்போது கடைக்கு எதற்குப் போக வேண்டும் என்பாள். அவள் போன பிறகு அந்தக் கைக்கு வீட்டில் வேலையில்லை. அதனால்தான் தகரத்தை இவ்வளவு தடவியிருக்கிறேனோ என்னவோ. இதை நான் வால்டெமாரிடம் சொல்லவில்லை.

"தகரம் வரைக்கும் உரி" என்றான். "பாத்திரம் கழுவற சோப்புல முழங்கை வரைக்கும் கழுவு. கையுறை போடு. துடைச்சதுக்கு அப்புறம் தொடாத. கண்ணால பாரு, போதும்."

"தொடாம எப்படித் தெரியும்?"

"தெரியாது. தெரியாமலேதான் அடிக்கணும்."

வாசல் வரை போனவன் நின்றான். "எஞ்சினை எப்படி ஏத்துவ?"

"இன்னும் யோசிக்கல."

"அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு, தூக்கறதுக்குச் செயின் பிளாக் கொண்டு வரேன். அதுக்குள்ள காஞ்சிடும்."

நான்கு மாலைகள் உரித்தேன். சனிக்கிழமை, காற்றில்லாத காலை நேரத்தில் தூசி எழாமல் கொட்டகைத் தரையை நனைத்து, கையுறை மாட்டி, துடைத்து, பிரைமரும் அதன் மேல் பெயின்டும் அடித்தேன். இரண்டு பூச்சுக்கு நடுவில் காத்திருந்த இருபது நிமிடம்தான் சிரமமாக இருந்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். பெயின்ட் விலகவில்லை. தந்த நிறத்தில் ஒரே சீராகப் படிந்து நின்றது. சொல்வதற்கு ஆள் இல்லாததால் உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்தபோது, பாட்டரித் தட்டுக்கு மேலே ஒரு கொசு ஒட்டிக்கொண்டு செத்திருந்தது.

காய்ந்ததும் தேய்த்துவிட்டு அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி அடிக்கலாம். இரண்டு மணி நேர வேலை. ஒரு வாரம் முழுவதும் தினமும் மாலையில் அதைப் பார்த்தேன். உப்புத்தாளை எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வால்டெமார் செயின் பிளாக்கை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான். விளக்கை வாங்கினான், குனிந்தான். நான் பக்கத்தில் நின்றேன். கிடங்கில் என் மேசைக்கு முன்னால், நான் தரம் சொல்லும்வரை, ஆட்டுக்காரர்கள் எப்படி நிற்பார்கள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"இது என்ன, கொசுவா?"

"ஆமா."

"பார்த்தியா?"

"அடிச்ச அன்னைக்கே பார்த்தேன்."

"பார்த்துட்டு விட்டுட்டியா?"

"விட்டுட்டேன்."

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அப்போது சொன்னேன்: "அன்னைக்கு எல்லார் முன்னாடியும் நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது, வால்டெமார்."

அவன் விளக்கை அணைத்தான். ஒயரைச் சுற்றினான்.

"வழிஞ்சது வழிஞ்சதுதான். எனக்கே தெரியும். மறுநாள் வந்து சரி பண்ணிடலாம்னு நினைச்சிருந்தேன்." ஒயரை ஆணியில் மாட்டினான். "நீ சொன்னதைவிட, அவனுங்க சிரிச்சதுதான்... சரி, விடு. சங்கிலியைப் பிடி."

எஞ்சினைத் தூக்கி உள்ளே இறக்க மூன்று மணி நேரம் ஆனது. "கொஞ்சம் இறக்கு", "உன் பக்கம்", "கையை எடு, விரல் போகும்" என்பவற்றைத் தவிர வேறு பேச்சில்லை. கடைசி போல்ட்டை அவன்தான் முடுக்கினான். பாட்டரியை நான் வைத்தேன்.

அவன் கை துடைத்துக்கொண்டிருந்தபோது, "ரெண்டு பேருக்கு இறைச்சி வாங்கி வெச்சிருக்கேன்" என்றேன்.

"பார்த்தேன், விறகெல்லாம் அடுக்கியிருந்த." துணியை மடித்தான். "பையன் வரான். ஸூல்மா சாப்பாட்டுக்கு ரவியோலி பண்றா. போகலைன்னா ஆறுமாசம் சொல்லிக் காட்டுவா."

"அடுத்த ஞாயிறு?"

"பார்க்கலாம்" என்றான். முடியாது என்று சொல்லவில்லை. வண்டிச் சக்கரம் கிறீச்சிட்டபடி தெருமுனை வரை போவது கேட்டது.

எஞ்சினைக் கிளப்பினேன். இரண்டாவது முயற்சியில் பிடித்துக்கொண்டது. அதை ஓடவிட்டு, அடுப்பு மூட்டி, இறைச்சி முழுவதையும் சுட்டேன். என் பங்கைக் காருக்குப் பக்கத்தில் நின்றபடியே சாப்பிட்டேன். மீதியைத் தட்டால் மூடி உள்ளே வைத்தேன். பானெட்டை மாலைவரை திறந்தே விட்டிருந்தேன், தெருவில் போகிறவர்களுக்குத் தெரியும்படி கொட்டகைக் கதவையும். மூன்று பேர் தெருவில் போனார்கள். ஒருவர் கையை உயர்த்தினார். யாரும் எட்டிப் பார்க்கவில்லை.