ஒன்பதாவது ஸ்தோத்திரம்

...சாரலும் போயிற்று, பாவி மகள், முதல் ஆளாய் வாயைத் திறந்து அதையா சொல்லித் தொலைக்க வேண்டும்? சாரல் மழைக்காக ஸ்தோத்திரம் என்று ஞானப்பூ விடியற்காலையிலிருந்து நெஞ்சுக்குள் உருப்போட்டு வைத்திருந்தாள், இந்த வடகரைக்காரி சந்தனமாரி சட்டென்று எடுத்துக்கொண்டாள், இனி அது கிடையாது. ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி சொல்லக் கூடாது, அது வெள்ளைக்கார மிஸ்ஸியம்மாளின் சட்டம். தினமும் காலைக் கஞ்சிக்கு முன்னால் வேதம் சொல்லப் பழகுகிற ஒன்பது பெண்களும் வட்டமாக உட்கார்ந்து, அவரவர் சொந்த வாழ்க்கையில் கர்த்தர் செய்த ஒரு நன்மையை ஆளுக்கொன்றாய் வாய்விட்டுச் சொல்லி நன்றி செலுத்த வேண்டும். ஞானப்பூ ஒன்பதாவது ஆள். முந்தாநாளும் நேற்றும் அவள் முறை வந்தபோது சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. சனிக்கிழமை குற்றாலத்தில் அருவிக்குக் குளிக்க வருகிற பெண்களிடம் வேதம் சொல்லப் போகவேண்டும், ஊமையைக் கூட்டிக்கொண்டு போய் என்ன செய்வது... மிஸ்ஸியம்மாள் கோபப்படக்கூட இல்லை, நாளைக்கும் இப்படி என்றால் உன்னை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான் ஞானப்பூ என்று மெதுவாகச் சொன்னாள். வீடாம். எந்த வீடு? சுந்தரபாண்டியபுரத்தில் கொழுந்தன் வீரபாகுவின் வீடா? "வேதக்காரி ஆயிட்டேல்லா, இங்கன திரும்பி வந்தே, காலை ஒடிச்சுப்போடுவேன்" என்றவன் அவன். செய்கிற ஆள்தான், அண்ணனுக்கு ஏற்ற தம்பி.

மூன்றாவது ஆள் எழுதப் படித்ததற்கு நன்றி சொல்கிறாள்... ஐயோ, அதுவும் போயிற்றே, முப்பத்திரண்டு வயதில் தன் பெயரைத் தானே சிலேட்டில் எழுதிப் பார்த்தபோது இந்தத் தென்காசி வீட்டுச் சுவரெல்லாம் எழுதலாம் போல இருந்ததே, அதைச் சொல்லியிருக்கலாமே. கஞ்சியும் போயிற்று, சேலையும் போயிற்று. ஆறாவது ஆளுக்குக் கண்நோவு தீர்ந்ததாம். இன்னும் இரண்டு பேர். உண்மையாய் நன்றி சொல்ல ஞானப்பூவிடம் ஒன்றே ஒன்று இருக்கிறது. பலவேசம் செத்தது. அவள் புருஷன். பதினாலு வருஷம் மாட்டுக்கயிற்றால் அடித்தவன், இடது மணிக்கட்டு இன்றைக்கும் கோணல், வண்டியை அவிழ்த்து நுகத்தடியை அவன் போடுகிற சத்தத்திலேயே இன்றைக்கு அடி உண்டா இல்லையா என்று அடிவயிறு சொல்லிவிடும். இரண்டே நாள் பேதியில் போனான். பெண்கள் கட்டிப்பிடித்து அழுதபோது அவள் அவிழ்ந்த தலைமயிருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள், அழுவதற்கு இல்லை, அப்பாடா என்று வந்த மூச்சை மறைக்க. இப்படி ஒருத்தி பொம்பளையா? மிஸ்ஸியம்மாள் கேட்டால் இன்றைக்கே மூட்டையைக் கட்டச் சொல்வாள்.

ஆனால் அது பெரிதில்லை, கேட்டு வாங்கியது அல்லவா பெரிது. அவள் உலகம்மாள் என்ற பழைய பெயரோடு இருந்த காலம், உச்சி வெயிலில் ஈரச்சேலையோடு முப்பிடாதி அம்மன் கோயில் முன்னால் நின்று, தாயே, அவனை எடு, இல்லாவிட்டால் என்னை எடு, மாவிளக்கு போடுகிறேன் என்றாள். எட்டாம் நாள் எடுத்தாள். மாவிளக்குப் போட எங்கே முடிந்தது? தாலி அறுத்தவளைக் கொழுந்தன் தொழுவில் ஒதுக்கினான், அப்புறம் மிஸ்ஸியம்மாள் வந்தாள், ஞானஸ்நானம், புதுப் பெயர், எல்லாம் முடிந்துவிட்டது. அது வெறும் கல் என்கிறார்கள். கல் என்றால் கேட்டது யார்? ஒருத்தி செய்த நன்மைக்கு வேறொருவரிடம் போய் நன்றி சொன்னால் அது திருட்டு இல்லையா? எட்டாவது ஆள் ஆமென் என்றுவிட்டாள். மிஸ்ஸியம்மாளின் பூனைக்கண் இங்கே திரும்புகிறது... ஏதாவது சொல், ஏதாவது, கிணற்றுத் தண்ணீர் என்று சொல், காலை வெளிச்சம் என்று சொல்...

"எம் புருசன் செத்துப்போனதுக்கு ஸ்தோத்திரம்."

சொன்னது தன் வாய்தானா? ஓட்டிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டுகிறது, முடிந்தது, காலை ஒடிக்க வீரபாகு காத்திருக்கிறான். மிஸ்ஸியம்மாள் கைக்குட்டையை எடுத்தாள். கண்ணைத் துடைத்தாள். "பார்த்தீர்களா, பிள்ளைகளே? புருஷனை எடுத்துக்கொண்ட கர்த்தருக்கும் நன்றி சொல்லுகிறாள். இதுதான் விசுவாசம். சீமைக்கு எழுதும் கடிதத்தில் இதை எழுதுவேன். சனிக்கிழமை குற்றாலத்தில் முதலில் ஞானப்பூதான் பேசவேண்டும்" என்றாள். அடக் கடவுளே, இந்த அம்மாள் என்ன நினைத்துக்கொண்டாள்? தப்பித்தாயிற்று.

முடிவு ஜெபத்துக்கு எல்லோரும் கண்ணை மூடினார்கள். ஞானப்பூவின் கோணல் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது, ஜில்லென்ற கை. வட்டத்தில் கடைசி ஆளுக்குப் பக்கத்தில் முதல் ஆள், சந்தனமாரி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வாசலில் வந்து நின்று ஏட்டி வெளிய வாடி, கொன்னுப்போடுவேன் என்று கத்துகிறானே ஒருத்தன், அவன் பெண்டாட்டி. "யக்கா," மூச்சுக்குள்தான் பேசினாள், "நானும் தெனம் கேக்கேன், நடக்க மாட்டேங்கு. நீங்க யாருகிட்டக்கா கேட்டிய?"

கண்டுபிடித்துவிட்டாளே, இத்தனை பேரில் இவள் ஒருத்தி. கர்த்தரிடம்தான் என்று சொல்லிவிடலாம், அதற்குத்தானே மாதக்கணக்காய்ப் படிக்கிறது. ஆனால் அது பொய், இவளையா ஏமாற்றுவது? உண்மையைச் சொன்னால் போய்க் கேட்பாள், கேட்டால் அவன் செத்தாலும் செத்துப்போவானே, அந்தப் பாவம் யாருக்கு... வேதம் சொல்ல வந்தவளிடம் முதன்முதலாக ஒருத்தி தானாகவே சாமியைப் பற்றிக் கேட்கிறாள், ஞானப்பூவுக்கு எந்தப் பெயரைச் சொல்வது என்று தெரியவில்லை. எல்லோரும் ஆமென் என்றார்கள். சந்தனமாரி சொல்லவில்லை, கையையும் விடவில்லை.